கயிறு கட்டினால் குடி நிற்குமா?

(காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் கூட்டத்தில் பேசியது)



இவ்வூராருக்கு நூலைப்பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. இன்று நான் பேச வந்தது கோவிலில் மணிக்கட்டில் கட்டுகிறார்களே, அந்த நூலைப்பற்றி. குடியை விடுவதாகச் சாமி முன்னால் சத்தியம் செய்து கயிறு கட்டிக்கொண்டவர்கள் இக்கூட்டத்திலும் இருப்பீர்கள். கை தூக்கச் சொல்லமாட்டேன், பயப்படவேண்டாம்.

கட்டிக்கொண்ட மறுநாள் என்ன நடக்கிறது? நெடுநாளாய்த் தினம் குடித்தவருக்குக் கை நடுங்குகிறது. ஜரிகை இழையைப் பிடிக்க முடியவில்லை. வேர்க்கிறது, தூக்கமில்லை. இரண்டு மூன்று நாளில் சிலருக்கு வலிப்பு வருகிறது; சுவரில் இல்லாத பூச்சி ஊர்வதாகக் கத்துகிறார். உடனே வீட்டார், "சத்தியத்தை மீறியிருப்பான், சாமி தண்டித்துவிட்டது" என்று பூசாரியிடம் ஓடுகிறார்கள். வாஸ்தவத்தில் அவர் சத்தியத்தைக் காப்பாற்றியதால் வந்த வினையல்லவா அது!

சாராயம் மூளையை மந்தப்படுத்தும் சரக்கு. தினம் ஊற்றினால் மூளை சும்மா இருக்குமா? அதற்கு ஈடாகத் தன் வேகத்தை ஏற்றிக்கொள்ளுகிறது. இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டிய பாவில் ஒரு பக்கத்தை மட்டும் சட்டென்று அவிழ்த்தால் என்னவாகும்? அந்தக் கதிதான். உயிர் போவதும் உண்டு. வைத்தியரிடம் போனால், மூளையை அமைதிப்படுத்தும் மருந்தும் தயமின் என்ற சத்தும் கொடுத்துச் சில நாட்களில் மெதுவாய் இறக்கிவிடுவார்.

சரி, உடம்பு தெளிந்தபின் ஏன் மறுபடியும் போகிறான்? 1954-ல் கானடா தேசத்தில் ஓல்ட்ஸ், மில்னர் என்ற இருவர் எலியின் மூளையில் கம்பியைச் செருகி, அது விசையை மிதித்தால் மின்சாரம் பாயும்படி வைத்தார்கள். எலி ஓயாமல் மிதித்தது. டோபமின் என்ற சரக்கு ஊறும் வழி அது. பிறகு ஷுல்ட்ஸ் என்பவர் குரங்குக்குப் பழரசம் கொடுத்துப் பார்த்ததில், பழகியபின் அந்த வழி துடிப்பது ரசத்துக்கல்ல, ரசம் வரப்போகிறதென்று காட்டும் அடையாளத்துக்கே என்று கண்டார். நமக்கு அடையாளம் எது? கூலி கைக்கு வரும் சனிக்கிழமை, கடையின் பச்சைப் பலகை, கூட வரும் சிநேகிதன்.

செல்போனில் ரம்மி ஆடுகிறவன் வாயில் ஒரு சொட்டும் விடுவதில்லை. ஆனாலும் அதே வழிதான். எப்போது ஜெயிப்போமென்று தெரியாதபோதுதான் ஆசை அதிகம் பிடிக்கிறது. அதனால்தான் 2022-ல் சென்னைச் சட்டசபை அதற்கென்றே ஒரு சட்டம் செய்யவேண்டி வந்தது. (1983-ல் டாஸ்மாக்கை ஏற்படுத்தி, 2003 முதல் சில்லறைக் கடையையும் தானே நடத்துகிற சர்க்காரின் சட்டசபைதான் அது. அதை இன்னொரு கூட்டத்தில் பேசுவோம்.)

"மாலை போட்டவன் 41 நாள் குடிப்பதில்லையே, அது சாமி சக்தியல்லவா?" என்று ஒரு தோழர் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். நல்ல கேள்வி. அந்த 41 நாளும் அவன் கூட்டாளிகள் வேறு, நடக்கும் தெரு வேறு, வீட்டாரும் ஊராரும் அவனை "சாமி" என்று மரியாதையாய்க் கூப்பிடுகிறார்கள். அவ்வளவையும் செய்தவர்கள் மனிதர்கள். மாலையைக் கழற்றிய அன்று மரியாதையையும் கழற்றிவிடுகிறீர்கள், அவன் பழைய தெருவுக்கே போகிறான். மாலையில்லாமலே அந்தக் காரியங்களை வருஷம் பூராவும் ஏன் செய்யக்கூடாது?

14446 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் பேசி யோசனை கேட்கலாம். வைத்தியரிடம் தனியே போக வெட்கப்படுகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள், நானும் கூட வருகிறேன்.