வீட்டுக்கு வரும் இணையம்: அண்டை நாடுகளின் அனுபவமும் நமது ஊராட்சிகளின் கடமையும்

(விருதுநகர் மாவட்டத்தில் நடைபெற்ற ஊராட்சிப் பயிற்சி வகுப்பொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



சாலை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றைக் குறித்து இத்தகைய வகுப்புகளில் பல முறை பேசியிருக்கிறோம். இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது வீடுகளுக்குக் கம்பி வழியே வரும் இணைய வசதி. இதன் விலை எந்த நாட்டில் குறைந்தது, எந்த நாட்டில் குறையவில்லை, அதற்குக் காரணம் யாது என்பதைச் சற்று ஆராய்வோம்.

"இது பட்டணத்தார் விஷயமாயிற்றே, நமக்கென்ன?" என்று சிலர் எண்ணக்கூடும். அந்த எண்ணம் சரியன்று. பயிர்க் காப்பீடு, பட்டா மாறுதல், வருமானச் சான்று, பிள்ளைகளின் உதவித்தொகை ஆகிய யாவும் இன்று இணையத்தின் மூலமாகவே நடைபெறுகின்றன. கிராமத்தில் இணையம் இல்லையென்றால் ஒரு மனுவுக்காக விவசாயி ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுப் பட்டணம் செல்ல வேண்டியிருக்கிறது. 2020ஆம் ஆண்டில் பள்ளிகள் மூடப்பட்டபோது சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகளில் எத்தனையோ தொழிலாளர் வீடுகளில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கைப்பேசி என்ற நிலை இருந்ததை நாம் கண்டோம். ஆகவே, இணையமும் குடிநீரைப் போல் ஊருக்கு அவசியமான வசதியாகிவிட்டது.

விலையைப் பற்றி விருதுநகர்க்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பருப்பு, எண்ணெய், மிளகாய் வற்றல் ஆகியவற்றின் விருதுநகர் மார்க்கெட் நிலவரத்தைப் பத்திரிகையில் பார்த்து விலை பேசுவது தமிழகத்து வியாபாரிகளின் நெடுநாள் வழக்கம். களத்துமேட்டுக்கு ஒரே வியாபாரி வந்தால் அவர் சொன்னதே விலை. நான்கு பேர் வந்தால் பேரம் பேச இடமுண்டு. இணையத்திற்கும் இதுவே விதி.

நமது நாட்டில் நடந்தது

1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையச் சேவை தொடங்கிற்று. அக்காலத்தில் அதை அளித்தது அரசு நிறுவனமாகிய வி.எஸ்.என்.எல். மட்டுமே. பின்னர்த் தனியார் வந்தனர். 1997இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமாகிய டிராய் அமைந்தது. 2000ஆம் ஆண்டில் பி.எஸ்.என்.எல். தோன்றியது.

கண்ணாடி இழை வழியாக வீட்டுக்கு வரும் இணையத்தை ஜியோ நிறுவனம் 2019 செப்டம்பரில் விற்கத் தொடங்கியபோது அதன் மிகக் குறைந்த மாதக் கட்டணம் ரூ. 699. ஓராண்டு கழித்து, 2020 செப்டம்பரில் வினாடிக்கு 30 மெகாபிட் வேகமுள்ள திட்டத்தை ரூ. 399க்குக் கொணர்ந்தது. அதே மாதத்தில் ஏர்டெல் 40 மெகாபிட் திட்டத்தை ரூ. 499க்கு அறிவித்தது. அக்டோபர் முதல் நாள் பி.எஸ்.என்.எல். 30 மெகாபிட் திட்டத்தை ரூ. 449க்குத் தந்தது. ஒருவர் குறைத்தவுடன் மற்ற இருவரும் சில வாரங்களுக்குள் குறைக்க நேர்ந்தது கவனிக்கத்தக்கது.

இதன் மறுபக்கத்தையும் நாம் பார்த்திருக்கிறோம். தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு வழங்கிய பெயராகிய ஏர்செல் 2018இல் நொடித்துப்போயிற்று. எண்ணை வேறு நிறுவனத்திற்கு மாற்றிக்கொள்ள மக்கள் பட்ட பாடு உங்களுக்கு நினைவிருக்கும். அதே ஆண்டில் வோடபோனும் ஐடியாவும் ஒன்றாயின. கைப்பேசித் துறையில் தனியார் நிறுவனங்கள் மூன்றாகக் குறைந்தன. 2024 ஜூலை மாதத் தொடக்கத்தில் அம்மூன்றும் அடுத்தடுத்துக் கட்டணத்தை உயர்த்தின. அப்போது கட்டணத்தை உயர்த்தாமலிருந்தது பி.எஸ்.என்.எல். அந்த ஒரு வழியேனும் இருந்ததால் பலர் அதனிடம் மாறினார்கள். மாற்றிக்கொள்ள வேறு இடம் இருப்பதே வாடிக்கையாளரின் பலம் என்பது இதனால் விளங்கும்.

இலங்கையின் நிலை

தூத்துக்குடியிலிருந்து கொழும்பை அடுத்த கல்கிசை வரை கடலடியில் ஒரு கண்ணாடி இழைக் கம்பி போடப்பட்டது. இரு நாடுகளின் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் சேர்ந்து 2006ஆம் ஆண்டில் அதை இயக்கத் தொடங்கின. அவ்வளவு அருகிலிருக்கும் நாட்டில் நிலைமை வேறு விதமாக இருப்பதைப் பாருங்கள்.

அங்கே அரசுத் துறையாயிருந்த தொலைபேசி, ஸ்ரீலங்கா டெலிகாம் என்ற நிறுவனமாகி, 1997இல் அதன் ஒரு பகுதி ஜப்பானிய நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில் சன்டெல், லங்கா பெல் என்ற இரு நிறுவனங்கள் கம்பியில்லாத் தொலைபேசி மூலம் வீட்டு இணைப்புக் கொடுக்க அனுமதி பெற்றன. எனினும், வீடுகளுக்குச் செல்லும் கம்பியில் பெரும்பகுதி டெலிகாம் நிறுவனத்தின் கையிலேயே இருந்தது. 2012இல் சன்டெல் நிறுவனத்தை டயலாக் வாங்கிக்கொண்டது. எனவே, பெரும்பாலான குடும்பங்களுக்கு டெலிகாமின் கம்பி அல்லது டயலாக்கின் கோபுர அலை என்ற இரண்டே வழிகள் எஞ்சின.

இதன் விளைவு விலையில் மட்டுமல்ல, அளவிலும் தெரிந்தது. நமது நாட்டு வீட்டு இணைப்பில் மாதத்திற்கு 3,300 ஜி.பி. வரை தடையின்றிப் பயன்படுத்தலாம் என்ற திட்டங்கள் வந்துவிட்ட காலத்திலும், அங்கே பகலுக்கு இத்தனை, நள்ளிரவுக்குப் பின் இத்தனை என்று அளந்து கொடுக்கும் முறையே வழக்கத்தில் இருந்தது. மக்கள் வற்புறுத்திக் கேட்ட பிறகு, 2021ஆம் ஆண்டில்தான் ஒழுங்குமுறை ஆணைக்குழு அளவில்லாத் திட்டங்களுக்கு வழிவிட்டது. 2022இல் இலங்கை ரூபாயின் மதிப்பு வீழ்ந்தபோது, அவ்வாண்டு செப்டம்பரில் ஆணைக்குழுவின் அனுமதியுடனேயே கட்டணம் 20 சதவீதம் உயர்ந்தது. 2024 ஜூன் மாதத்தில் அங்கிருந்த ஏர்டெல் நிறுவனமும் டயலாக்குடன் இணைந்தது.

இதில் ஒரு நியாயத்தையும் சொல்லவேண்டும். இலங்கையின் மக்கள் தொகை ஏறத்தாழ 2.2 கோடி, தமிழ்நாட்டின் மூன்றில் ஒரு பங்கை விடச் சிறிது குறைவு. சிறிய சந்தையில் பல நிறுவனங்கள் பிழைப்பது கடினம். ஆகையால் குறையெல்லாம் நிறுவனங்களுடையதே என்று கூறிவிட முடியாது.

வங்கதேசம் கண்ட வழி

வங்கதேசத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு நிறுவனங்கள் வீட்டு இணையத்தை விற்கின்றன. நமது ஊராட்சி ஒன்றியத்தைப் போன்ற 'உபஜிலா' அளவிலும் அங்கு உரிமம் உண்டு. நம் ஊர்க் கேபிள்காரரைப் போன்றவரே அங்கு இணையமும் கொடுக்கிறார். இத்தனை பேர் இருந்தும் ஒரு குறை இருந்தது. தலைநகர் டாக்காவிலிருந்து நீண்ட தூரம் கம்பி வழியே இணையத்தைக் கொண்டுவரச் செலவு அதிகமாதலால், கிராமத்தார் நகரத்தாரைவிட அதிகம் கொடுத்துவந்தனர்.

2021 ஜூன் மாதத்தில் அந்நாட்டு அரசாங்கம் 'ஒரே நாடு, ஒரே கட்டணம்' என்று அறிவித்தது. 5 மெகாபிட்டுக்கு 500 டாக்கா, 10 மெகாபிட்டுக்கு 800 முதல் 1,000 டாக்கா, 20 மெகாபிட்டுக்கு 1,100 முதல் 1,200 டாக்கா என வரம்பு கட்டியது. நகரத்தாரும் கிராமத்தாரும் ஒரே விலை கொடுக்கலாயினர். ஆயினும் அந்த 5 மெகாபிட்டை ஒருவர் தனியே பெறுவதில்லை. பலர் பகிர்ந்துகொள்ள வேண்டும். விலைக்கு வரம்பு கட்டுவது எளிது. தரத்திற்கு வரம்பு கட்டுவது அவ்வளவு எளிதன்று.

மூன்று நாடுகளும் கற்பிப்பது

போட்டி இருந்தால் விலை குறையும் என்பதை நமது நாடும், வழிகள் சிலவேயானால் அளந்து கொடுப்பார்கள் என்பதை இலங்கையும், சிறு நிறுவனங்கள் பல இருப்பினும் ஊருக்கு வரும் பெருவழி குறுகலாயிருந்தால் கிராமத்திற்கு நன்மை எட்டாது என்பதை வங்கதேசமும் காட்டுகின்றன.

இப்போது நமது கிராமத்திற்கு வருவோம். ரூ. 399 என்ற விலை விளம்பரத்தில் இருக்கிறது. ஆனால் கம்பி வராத ஊருக்கு அந்த விலை ஏட்டுச் சுரைக்காய்தான். ஒரே கம்பி வந்த ஊரில் அந்த விலை கிடைக்கலாம். கம்பி அறுந்தால் பத்து நாளானாலும் கேட்பாரில்லை. போட்டி என்பது சென்னையிலும் மும்பையிலும் இருந்தால் போதாது. நமது தெருவிலும் இருக்கவேண்டும். அதற்கு வழி திறப்பதில் ஊராட்சிக்குப் பெரும் பங்கு உண்டு.

பாரத்நெட் திட்டத்தின் கீழ்த் தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுசெல்லும் பணியைத் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் மேற்கொண்டுள்ளது. நமது மாவட்டத்தின் 11 ஒன்றியங்களைச் சேர்ந்த 450 ஊராட்சிகளும் இவற்றில் அடங்கும். வங்கதேசத்துக் கிராமங்களுக்குக் குறுகலாயிருந்த அந்தப் பெருவழியை அரசாங்கமே போட்டுத்தருகிறது என்று இதைக் கொள்ளலாம். பெருவழி வந்தபின், அதிலிருந்து வீடுகளுக்குக் கிளைவழி கொடுக்க ஒருவருக்கு மேற்பட்டோர் முன்வருமாறு செய்வது நமது பொறுப்பு.

ஊராட்சிகள் செய்யவேண்டியவை

முதலாவதாக, இழைக்கருவிகள் வைக்கப்பட்டுள்ள அறையைக் காக்கவேண்டும். அந்த அறைக்கு மின்சாரம் தடைப்பட்டால் ஊர் முழுவதற்கும் இணையம் நின்றுவிடும். அதைச் சாமான் போடும் அறையாக்கிவிடக் கூடாது.

இரண்டாவதாக, கம்பி கொண்டுவர யார் கேட்டாலும் ஒரே நிபந்தனையுடன் வழி விடவேண்டும். பொது இடங்களில் இத்தகைய அனுமதி பாரபட்சமின்றி அளிக்கப்படவேண்டும் என்பதே 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் நோக்கமும் ஆகும். இன்று நமக்கு வேண்டியவர் என்று ஒருவருக்கு மட்டும் இடம் கொடுத்தால், நாளை அவர் வைத்ததே விலை.

மூன்றாவதாக, குடிநீர்க் குழாய்க்கும் வடிகாலுக்கும் பள்ளம் தோண்டுமுன் இழைக்கம்பி செல்லும் தடத்தை விசாரித்துக்கொள்ள வேண்டும். தோண்டுவதை முன்கூட்டி அறிவிப்பதற்கென்றே மத்திய அரசாங்கம் 2023 மார்ச்சில் ஒரு கைப்பேசிச் செயலியை ஏற்படுத்தியிருக்கிறது.

நான்காவதாக, ஊரிலுள்ள கேபிள் தொழில் செய்வோரையும், தொழில் பயின்ற இளைஞர்களையும் ஊக்குவிக்கவேண்டும். பி.எஸ்.என்.எல். நிறுவனம் உள்ளூர்க் கேபிள்காரர்களுடன் வருவாயைப் பகிர்ந்துகொண்டு வீட்டு இணைப்புக் கொடுத்து வருகிறது. பழுதைப் பார்க்க ஊரிலேயே ஆள் இருப்பது பெரிய சௌகரியம்.

ஐந்தாவதாக, இணையம் எந்த நாளில் நின்றது, எந்த நாளில் சரியாயிற்று என்பதை ஒரு பதிவேட்டில் குறித்து வரவேண்டும். ஆண்டில் ஆறு முறை நடைபெறும் கிராம சபையில் அதைப் படித்துக் காட்டலாம். எழுத்தில் உள்ள புகாருக்கே பலம் உண்டு.

குடும்பத்தார் கேட்கவேண்டிய கேள்விகள்

இணைப்பு வாங்குவோருக்கும் ஒரு வார்த்தை. விளம்பர விலையை மட்டும் பார்த்து ஏமாறவேண்டாம். 18 சதவீத வரி சேர்ந்தால் ரூ. 399 என்பது ஏறத்தாழ ரூ. 471 ஆகும். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டத்திற்கு 2025-26இல் நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ரூ. 336. அந்தக் கணக்கில் இது ஏறத்தாழ ஒன்றரை நாள் உழைப்பு. ஆகவே, வரியுடன் மாதத்திற்கு எவ்வளவு? முன்பணம் உண்டா, திரும்பக் கிடைக்குமா? எத்தனை ஜி.பி.க்குப் பிறகு வேகம் குறையும்? பழுதானால் எத்தனை நாளில் வருவார்கள்? இந்த நான்கையும் கேட்டறிந்த பின்னரே பணம் கொடுக்கவேண்டும். ஒரு குடும்பத்தால் இயலாதெனில், ஊராட்சி நூலகத்திலோ சேவை மையத்திலோ ஒரு நல்ல இணைப்பை ஏற்படுத்திப் பிள்ளைகள் மாலை நேரத்தில் படிக்க வகை செய்யலாம்.

நண்பர்களே! வானம் பார்த்த பூமி என்று பெயரெடுத்த இந்த மாவட்டம் தீப்பெட்டியாலும், பட்டாசாலும், அச்சுத் தொழிலாலும் உயர்ந்தது. சந்தையின் நிலவரத்தை அறிந்து நடந்த மக்களின் சாமர்த்தியமே அதற்குக் காரணம். இணையத்தின் நிலவரத்தையும் அதே விழிப்புடன் கவனியுங்கள். அடுத்த கிராம சபையில் இதனை ஒரு பொருளாக வைத்து, உங்கள் ஊருக்கு எத்தனை வழியாக இணையம் வருகிறது என்று கணக்கெடுங்கள். ஒன்றுதான் என்றால் இரண்டாக்குவதற்குத் தீர்மானம் போடுங்கள். அதற்கு ஒன்றிய அலுவலகம் வேண்டிய உதவிகளைச் செய்யும் என்று உறுதி கூறி, என் உரையை முடித்துக்கொள்கிறேன்.