ஓய்ந்தும் தீராத களைப்பு



விடியுமுன் பிரட்டுக்கு நின்று, நிரை பிடித்து, பாலை ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துத் திரும்பும் நாம் களைப்பை அறியாதவர்களா? அது உறங்கினால் தீரும். உறங்கி எழுந்தும் உளியைத் தொட மனமின்றி, பிள்ளைகள்மேல் எரிந்து விழுகிறோமே, அது வேறு. கிராணிகளான நாங்களும் விலக்கல்ல. சம்பள நாள் நெருங்கினால் செக்ரோல் கனவிலும் வரும்! மழையால் வெட்டு நின்றாலோ, கூலிக் கவலை அந்த ஓய்வையும் தின்றுவிடுகிறது.

இதைச் சோம்பல் என்பாருண்டு. உலகச் சுகாதார நிறுவனமோ 2019-இல், இது நோயன்று, வேலையிடத்து நெருக்கடி தணிக்கப்படாததால் வரும் நிலை என வகைப்படுத்தியது. ஆகவே மாத்திரை மட்டும் போதாது, வேலையளவைப் பேசவேண்டும். தீபகற்ப மலேசியாவில் வாராந்தர வேலைநேர வரம்பு 2023-இல் 48 மணியிலிருந்து 45 ஆயிற்று. அடுத்த கிளைக் கூட்டத்தில் நிரைக்கு எத்தனை மரமென்று கணக்கெடுப்போம். மனம் சோர்ந்தவர் பேசட்டும், குறுக்கிடாமல் கேட்போம்.