வந்த வழியே திரும்பிப் போக நமக்கு உரிமை உண்டு

(வில்லாபுரத்தில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் ஒருங்கிணைப்பாளர் பேசியது)



போன கூட்டத்தில் தவணை வசூல் முடிந்ததும் ஒரு அக்கா செல்போனை நீட்டினார். "பின்னால போற அம்புக்குறியை எத்தனை தடவை அமுக்கினாலும் அதே பக்கத்துலயே நிக்குதும்மா" என்றார். பார்த்தால் 'உடனடிக் கடன்' விளம்பரம். வெளியே வர வழி தெரியாமல் ஆதார் எண்ணைப் பாதி அடித்துவிட்டார்! அதனால்தான் இன்று இதைப் பேசுகிறோம்.

விளக்குத்தூண் பக்கம் ஜவுளி எடுக்கப் போகிறோம். பிடிக்கவில்லை என்றால் வந்த வழியே வெளியே வருவோம். கடைக்காரர் வாசலை மறித்துக்கொண்டு, "இன்னும் நாலு சேலை பார்த்துட்டுத்தான் போகணும்" என்றால் விடுவோமா? சில இணையதளங்கள் இதைத்தான் செய்கின்றன. நாம் பார்க்காத பக்கங்களை நடுவில் சொருகி, திரும்பும் வழியை அடைக்கின்றன. நாம் தொடாமலே சொருகிய பக்கங்களைத் தாண்டிப் பின்னால் போகும்படி 2019-ல் குரோமில் மாற்றம் செய்தார்கள். ஆனாலும் தந்திரம் முழுவதும் ஒழியவில்லை. அப்படி மாட்டினால் பதற வேண்டாம். எதையும் நிரப்பாமல் அந்தப் பக்கத்தையே மூடிவிடுங்கள். மூடினால் ஒன்றும் ஆகாது.

பணம் கட்டும் பக்கம் மட்டும் வேறு. "பின்னால் போகாதீர்கள்" என்று அங்கே எழுதியிருந்தால் அதில் நியாயம் இருக்கிறது. பாதியில் திரும்பி மறுபடி கட்டினால் இரண்டு தடவை பணம் போய்விடலாம். நின்றுவிட்டால், முதலில் வங்கிக் கணக்கைப் பாருங்கள். 2019 செப்டம்பரில் வந்த ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி, யுபிஐ-யில் வியாபாரிக்குக் கட்டியது நம் கணக்கில் கழிந்து அங்கே உறுதியாகாவிட்டால், 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் சேர்த்துத் தர வேண்டும்.

அடுத்தது கடவுச்சொல். அதைப் போனே ஞாபகம் வைத்து நிரப்பும் வசதி உண்டு. சில தளங்கள் அதைத் தடுத்து வைக்கின்றன. பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில் அந்தத் தடை நல்லதுதான். நமக்குப் பின்னால் உட்காருபவர் நம் கணக்கில் நுழையக் கூடாதல்லவா? ஆனால் நம் சொந்தப் போனில்? ஞாபகம் வைக்க முடியாமல் பிள்ளை பெயரையே எல்லா இடத்திலும் கடவுச்சொல்லாக வைக்கிறோம், அல்லது தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறோம். குழுப் பணத்துக்கு இதைவிட ஆபத்து உண்டா? அதனால்தான் 2014-ல் குரோம், தளம் வேண்டாம் என்றாலும் கடவுச்சொல்லைச் சேமிப்பதா என்று நம்மையே கேட்கத் தொடங்கியது. இன்னொரு நன்மையும் உண்டு. முகவரி வேறாக உள்ள போலித் தளத்தில் போன் தானாக நிரப்பாது. வழக்கமாக நிரப்புவது நிரப்பவில்லை என்றால், நின்று முகவரியைப் பாருங்கள்.

ஏமாற்றும் இணைய வடிவமைப்புகளில் 13 வகைகளைத் தடுத்து, 2023 நவம்பர் 30-ல் மத்திய அரசு வழிகாட்டு நெறிமுறை கொண்டுவந்தது. நுகர்வோர் புகாருக்கு 1915. பணமே பறிபோனால் தாமதிக்காமல் 1930.

போனுக்குப் பூட்டுப் போடுங்கள். வெளிக் கம்ப்யூட்டரில் கடவுச்சொல்லைச் சேமிக்காதீர்கள். ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள். சந்தேகம் வந்தால், குழுவில் கேட்கக் கூச்சப்படாதீர்கள். அந்த அக்கா கேட்டதால்தான் இன்று நாம் எல்லோரும் தெரிந்துகொண்டோம்.