இராணுவம் வரைந்த கூட்டாட்சி: நைஜீரியாவின் ஆட்சி மாற்றங்கள்

வளரும் நாடுகளில் இராணுவ ஆட்சியும் சிவில் ஆட்சியும் மாறி மாறி வரும் போக்கை ஆராயக் கூடியுள்ள இக்கருத்தரங்கு, தன் முதல் அமர்வை நைஜீரியாவுக்கு ஒதுக்கியிருப்பது மிகவும் பொருத்தமானது. 1960 அக்டோபர் 1இல் விடுதலை பெற்ற அந்நாடு, முதல் ஆட்சிக்கவிழ்ப்பு நிகழ்ந்த 1966 ஜனவரி தொடங்கி 1999 மே வரையிலான 33 ஆண்டுகளில், 1979 முதல் 1983 வரை நீடித்த ஷெஹு ஷகாரியின் ஆட்சியும் 1993இல் மூன்று மாதமே நின்ற இடைக்கால அரசும் நீங்கலாக, முழுவதும் படைத்தலைவர்களின் கீழேயே இருந்தது.

படை ஏன் ஆட்சியைக் கைப்பற்றுகிறது என்ற வினா நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருகிறது. ஊழல், இனப்பூசல், தேர்தல் முறைகேடு என்று கூறப்படும் காரணங்கள் பொய்யானவை அல்ல. ஆயினும், படை பாசறைக்குத் திரும்பியபின் எத்தகைய அரசமைப்பை விட்டுச் செல்கிறது என்ற வினாவே அதனினும் முதன்மையானது. அதற்கு உரிய கவனம் இன்னும் கிடைக்கவில்லை.

விடுதலையின்போது மூன்று வட்டாரங்களைக் கொண்ட கூட்டாட்சியாக இருந்த நாட்டில், 1963இல் சிவில் அரசு நான்காவதாக ஒன்றைச் சேர்த்தது. அதற்குப்பின் நாட்டின் உள்எல்லைகளை வரைந்தவர்கள் அனைவரும் படைத்தலைவர்களே. 1966 மே மாதம் அப்போதைய இராணுவ ஆட்சியாளர் அகுயி இரோன்சி வெளியிட்ட 34ஆம் ஆணை வட்டாரங்களை ஒழித்து ஒற்றையாட்சியை நிறுவ முயன்றது. வடக்கில் கலவரம் மூண்டது. ஜூலையில் அவரே கொல்லப்பட்டார். அடுத்து வந்த யாகுபு கோவான் 1967 மே 27இல் நாட்டைப் 12 மாநிலங்களாகப் பிரித்தார். மூன்றே நாளில் கிழக்குப் பகுதி பியாஃப்ரா என்ற பெயரில் தனிநாடாக அறிவிக்கப்பட்டது; பின்னர் உள்நாட்டுப் போர் வெடித்தது. மாநிலங்களின் எண்ணிக்கை 1976இல் 19ஆகவும், 1987இல் 21ஆகவும், 1991இல் 30ஆகவும், 1996இல் 36ஆகவும் உயர்ந்தது. பெரிய வட்டாரங்களின் பிடியில் தவித்த சிறுபான்மை இனத்தார் பலர் இதை வரவேற்றனர் என்பதையும் மறைக்கலாகாது. ஆனால் மாநிலங்கள் பெருகப் பெருக, ஒவ்வொன்றும் நடுவணரசின் நிதியை நம்பியே வாழும் நிலை ஏற்பட்டது.

இந்நிலைக்கு மூலகாரணம் எண்ணெய். சுரங்க உரிமத்தொகையில் சரிபாதி, அது கிடைத்த வட்டாரத்திற்கே சேரவேண்டும் என்று 1963ஆம் ஆண்டு அரசமைப்பு விதித்திருந்தது. இராணுவ ஆட்சியில் அப்பங்கு படிப்படியாகக் குறைக்கப்பட்டது. 1999ஆம் ஆண்டு அரசமைப்பு அதற்கு உறுதியளிக்கும் குறைந்த அளவு 13 விழுக்காடே. நிலத்தை மாநில ஆளுநரின் பொறுப்பில் வைத்த 1978ஆம் ஆண்டின் நிலப் பயன்பாட்டு ஆணையும், எளிதில் திருத்த முடியாதவாறு அரசமைப்பின் பாதுகாப்பைப் பெற்று இன்றும் நிலைத்திருக்கிறது.

ஆட்சியை ஒப்படைக்கும் முறையையும் படையே வகுத்தது. 1989இல் இராணுவ ஆட்சியாளர் இப்ராஹிம் பாபாங்கிடா, பதிவு கோரிய அமைப்புகள் அனைத்தையும் நிராகரித்துவிட்டு, அரசே இரு கட்சிகளைத் தோற்றுவிக்கச் செய்தார். அவற்றின் கொள்கை அறிக்கைகளை அரசு எழுதிற்று, அலுவலகங்களையும் அரசே கட்டிக்கொடுத்தது. அவ்விரு கட்சிகளுக்கிடையே 1993 ஜூன் 12இல் நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலில் மோஷுத் அபியோலா வெற்றிமுகத்தில் இருந்தபோது, தேர்தலே செல்லாது என அறிவிக்கப்பட்டது. தமக்குக் கிடைத்த தீர்ப்பைக் கேட்டு நின்ற அவர் சிறைப்பட்டு, 1998இல் காவலிலேயே உயிரிழந்தது அந்நாட்டு வரலாற்றின் ஆறாத கொடுமை.

1999ஆம் ஆண்டின் ஒப்படைப்பைக் கூர்ந்து நோக்க வேண்டும். பொதுத் தேர்தல்கள் பிப்ரவரியிலேயே முடிந்துவிட்டன. அரசமைப்போ மே மாதத்தில்தான் 24ஆம் ஆணையாகப் பிறப்பிக்கப்பட்டது. மக்கள் தாமே அதை இயற்றிக்கொண்டதாக முகவுரை கூறினாலும், எந்தச் சட்டத்தின்கீழ் ஆளப்போகிறோம் என்பதை அறியாமலேயே வேட்பாளர்கள் தேர்தலைச் சந்தித்தனர். அதன்பின் குடியரசுத் தலைவர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டோருள் ஒலுசெகுன் ஒபசாஞ்ஜோ, முகமது புகாரி இருவரும் முன்னர் இராணுவ ஆட்சியாளர்களாக இருந்தவர்கள்.

ஆகவே, இங்குக் கட்டுரை வழங்கவிருக்கும் அறிஞர்கள், ஆட்சிக்கவிழ்ப்பு நாள்களின் பட்டியலோடு நின்றுவிடாமல், படையாட்சி பிறப்பித்த ஆணைகளில் எவை இன்றும் நடைமுறையில் உள்ளன, எவை நீக்கப்பட்டன, நீக்க முயன்றோரைத் தடுத்தது எது என்பவற்றை மூலச் சட்டவாசகங்களைக் கொண்டே ஆராய வேண்டும் என இத்தலைமையுரை கேட்டுக்கொள்கிறது.