விலை கேட்பது குற்றமா?

     

கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் பிறந்த ஒழுகினசேரி இந்த மேடைக்குக் கூப்பிடு தூரம். அந்த மண்ணில் நின்றுகொண்டு அழுது வடிந்து பேசினால் அவரே எழுந்து வந்து மைக்கைப் பிடுங்கிவிடுவார். அதனால் சிரித்துக்கொண்டே ஆரம்பிக்கிறேன்.

"வீட்டுச் செலவு மிச்சமாவது நாலு கடை விலை பார்த்து வாங்குவதாலா? நம்பிக்கையான ஒரே கடையில் வாங்குவதாலா?" இதுதான் தலைப்பு. நாலு கடை என்ற அணியில் நான் பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய தம்பி ஒரு கேள்வி கேட்டார். "பத்து ரூபாய் மிச்சம் பிடிக்க இருபது ரூபாய் பஸ்ஸுக்குக் கொடுப்பீர்களா?" நல்ல கேள்விதான். கைதட்டலும் வாங்கிவிட்டார். ஆனால் தம்பி, 2021 மே 8-ஆம் தேதியில் இருந்து சாதாரணக் கட்டண நகரப் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லையே! பஸ் செலவு உங்களுக்குத்தான், எங்களுக்கு இல்லை! (கைதட்டல்)

நடுவர் அவர்களே, ஒரே கடை என்றால் இன்றைக்கு என்ன? எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கிற சூப்பர் மார்க்கெட். எங்க வீட்டுக்காரர் ஒரு நாள் உப்பு வாங்கப் போனார். அரை மணி நேரம் கழித்து வந்தார். இரண்டு கையிலும் பை. பிஸ்கட் இருக்கிறது, நூடுல்ஸ் இருக்கிறது, ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம் என்று இரண்டு துடைப்பம் இருக்கிறது. "உப்பு எங்கே?" என்று கேட்டேன். "அடடா, அதை மறந்துட்டேனே!" என்கிறார். (சிரிப்பு)

அவரைக் குற்றம் சொல்லாதீர்கள். அந்தக் கடையின் அமைப்பே அப்படி. நாமே எடுத்துப் போட்டுக்கொள்கிற கடையை 1916-இல் அமெரிக்காவில் மெம்பிஸ் நகரத்தில் க்ளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் ஆரம்பித்தார். அடுத்து 1937-இல் ஓக்லஹோமா நகரத்தில் சில்வன் கோல்ட்மன் என்ற கடைக்காரர் ஒன்றைக் கவனித்தார். கையில் இருக்கிற கூடை கனத்தால் ஜனங்கள் வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள். உடனே என்ன செய்தார்? கூடைக்குச் சக்கரம் வைத்தார்! நம்ம கை வலிக்கக்கூடாது என்ற கருணையா அது? கை வலித்தால் பர்ஸ் மூடிக்கொள்ளும் என்ற கணக்கு. அவ்வளவு கணக்குப் பார்க்கிற இடத்துக்கு நாம் மட்டும் கணக்குப் பார்க்காமல் போகலாமா? (கைதட்டல்)

"சரி அம்மா, சூப்பர் மார்க்கெட்டே வேண்டாம் என்கிறாயா?" என்று நடுவர் கேட்பார். இல்லை ஐயா! சில சாமான் அங்கே மலிவு. சில சாமான் பலவெஞ்சனக் கடையில் மலிவு. காய்கறிக்கு வடசேரி கனகமூலம் சந்தை இருக்கிறது. எது எங்கே மலிவு என்று தெரிந்து வாங்கு என்பதுதான் என் கட்சி.

அதிலும் ஏமாறுகிற இடங்கள் உண்டு. தேங்காய் எண்ணெய் இல்லாமல் நம்ம ஊரில் அவியல் உண்டா? ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். ஒரு கடையில் லிட்டர் 380 ரூபாய். பக்கத்துக் கடையில் கிலோ 400 ரூபாய். எது மலிவு? எல்லோரும் 380 என்பீர்கள். ஆனால் ஒரு லிட்டர் எண்ணெயின் எடை சுமார் 910 கிராம்தான். அந்த விலையில் ஒரு கிலோ வாங்கினால் 417 ரூபாய்க்கு மேலே ஆகிறது. மலிவு என்று நினைத்த கடையில் கிலோவுக்குப் பதினேழு ரூபாய் போய்விட்டது!

அடுத்தது அரிசி. 2022 ஜூலை 18-இல் இருந்து, லேபிள் ஒட்டி 25 கிலோ வரை கட்டி வருகிற அரிசி, பருப்பு, மாவுக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. அதே அரிசியைக் கடைக்காரர் நம் கண் முன்னால் மூட்டையைப் பிரித்து நிறுத்துத் தந்தால் அந்த வரி இல்லை. அந்த வரி வந்த பிறகுதான் 26 கிலோ மூட்டை என்று ஒன்று கடைகளில் முளைத்தது. ஒரு கடையில் 25, இன்னொரு கடையில் 26. மூட்டை விலையை மட்டும் ஒப்பிட்டால் ஒரு கிலோ கண்ணுக்குத் தெரியாமல் நழுவிவிடும். கிலோ விலைக்கு வகுத்துப் பார்க்க வேண்டும்.

பாக்கெட்டில் அதிகபட்ச சில்லறை விலை என்று போட்டிருக்கிறதே, அதை நாம் நிர்ணயித்த விலை என்று நினைத்துக்கொள்கிறோம். இல்லை! அதற்கு மேலே விற்கக்கூடாது என்றுதான் அர்த்தம். கீழே விற்கலாம். எந்தக் கடை கீழே விற்கிறது என்று கேட்டால்தானே தெரியும்?

எல்லாக் கடைக்கும் முன்னால் ஏற வேண்டிய கடை ஒன்று இருக்கிறது. ரேஷன் கடை! துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். கார்டை அலமாரியில் பூட்டி வைத்துவிட்டு, "விலைவாசி ஏறிப்போச்சு" என்று திண்ணையில் உட்கார்ந்து பேசி என்ன பிரயோசனம்?

எதிரணி அக்கா உருக்கமாக ஒன்று சொன்னார். "ஒரே கடை என்றால் கடன் கிடைக்கும். கஷ்டத்தில் கை கொடுப்பார்கள்." நடுவர் அவர்களே, இதற்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஏனென்றால் நான் அந்தப் பற்று நோட்டில் வளர்ந்த பிள்ளை.

எங்க அம்மை வயல் வேலைக்குப் போனவள். எங்க ஊரில் ஒரே ஒரு பலவெஞ்சனக் கடை. என்னைச் சாமான் வாங்க அனுப்பும்போது அம்மை சொல்லுவாள்: "மக்களே, சாமானைக் கேளு. விலையைக் கேட்காதே." ஏன்? பாக்கி இருக்கிறது. கடன்பட்டவள் விலை கேட்டால் கடைக்காரருக்குக் கோபம் வரும்.

1983-இல் நான் ஏழாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் வாய்க்கணக்கில் நான் கெட்டி. அந்தத் திமிரில் ஒரு நாள் கேட்டுவிட்டேன். "அண்ணாச்சி, பருப்பு கிலோ என்ன விலை?" கடையில் பத்துப் பேர் நிற்கிறார்கள். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பழைய பாக்கியைக் கொண்டு வா பிள்ளே, பிறகு விலை சொல்லுகேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வெறும் பையோடு வீட்டுக்கு வந்தேன். அம்மை என்னைத் திட்டவில்லை. அடிக்கவில்லை. பையை வாங்கி மடித்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். அன்று ராத்திரி எங்க வீட்டில் கஞ்சியும் உப்பும்தான்.

அந்தக் கன்னிப்பூ அறுவடைக் கூலி வந்ததும் முதல் வேலையாகப் பாக்கியை அடைத்தாள். மீதிப் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு வடசேரிக்கு வந்தாள். மூன்று கடை ஏறினோம். "விலையைக் கேளு மக்களே" என்றாள். நான் கேட்டேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. எங்க ஊர்க் கடையைவிடப் பருப்பு கிலோவுக்கு 75 பைசா குறைவு. அப்போதுதான் புரிந்தது. கடனுக்கு வட்டி இல்லை என்று அண்ணாச்சி சொன்னாரே, அந்த வட்டி பருப்புக்குள்ளே இருந்திருக்கிறது!

மிச்சமான சில்லறையை அம்மை ஒரு பழைய பால் பவுடர் டப்பாவில் போட்டு வந்தாள். என் பத்தாம் வகுப்புப் பரீட்சைப் பணம் அந்த டப்பாவில் இருந்துதான் வந்தது. அந்தப் பணம் இல்லாவிட்டால் இந்த மேடையில் நான் இல்லை. (பலத்த கைதட்டல்)

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்க அப்பா இறந்த அன்றைக்கு, கேட்காமலே வீட்டுக்கு அரிசி அனுப்பினவரும் அதே அண்ணாச்சிதான். அதை மறந்தால் நான் மனுஷி இல்லை. அக்கா சொன்னது உண்மை. அம்மையும் மறக்கவில்லை. உப்பும் தீப்பெட்டியும் கருப்பட்டியும் கடைசிவரை அவரிடம்தான் வாங்கினாள், கையில் காசு கொடுத்து. நன்றி வேறு, கணக்கு வேறு! இன்னொரு சங்கதி, அதற்குப் பிறகு அண்ணாச்சி நாங்கள் கேட்காமலே விலை சொல்ல ஆரம்பித்தார். "வடசேரியில என்ன விலை?" என்று எங்களிடமே விசாரித்துக் குறைத்தும் கொடுத்தார். ஒருத்தி விலை கேட்டதால் ஊருக்கே விலை குறைந்தது!

நடுவர் மணியைத் தொடுகிறார். முடித்துவிடுகிறேன் ஐயா. தினமும் அலையச் சொல்லவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். மாதம் தவறாமல் வாங்குகிற பத்துச் சாமானை எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, மூன்று கடையில், ஒரே தரம், ஒரே எடைக்கு விலை கேட்டு எழுதுங்கள். அதைக் குழந்தைகள் கையில் கொடுத்துக் கூட்டச் சொல்லுங்கள். கணக்கும் வரும், காசின் அருமையும் வரும்.

விலை கேட்பது கஞ்சத்தனம் இல்லை. அது உழைத்துச் சம்பாதித்தவளின் உரிமை. அந்த உரிமையை ஒரே கடையில் அடகு வைக்காதீர்கள். நாலு கடை பார்த்து வாங்கினால்தான் வீட்டுச் செலவு மிச்சம் என்று தீர்ப்புச் சொல்லுங்கள் என நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.