குளிர்ப்பெட்டியும் பரிசோதகர் கேள்வியும்



இன்றைக்கு நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஒரு குளிர்ப்பெட்டி. பகுத்தறிவைப் பற்றிப் பேசவேண்டிய மேடையில் குளிர்ப்பெட்டிக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். பகுத்தறிவு என்பது மேடையில் மட்டும் விற்கிற சரக்கு அல்ல. மேஜைக்கு முன் உட்கார்ந்துகொண்டு, வருகிற காகிதம் ஒவ்வொன்றையும் பார்த்து, "இது புதிதா? இது நடக்குமா? நடக்குமானால் எப்படி நடக்கும் என்று ஒழுங்காய் எழுதியிருக்கிறாயா?" என்று கேட்பதையே சம்பளத்துக்குச் செய்கிற உத்தியோகம் ஒன்று உலகத்தில் இருக்கிறது. அதற்குப் பேட்டெண்டுப் பரிசோதகர் உத்தியோகம் என்று பெயர். பேட்டெண்டு என்பதைக் காப்புரிமை என்றும் சொல்லுகிறார்கள்.

இந்தக் காப்புரிமை என்பது என்ன? ஒருவன் புதிதாய் ஒரு யந்திரம் கண்டுபிடிக்கிறான். அதை மூடி வைத்துக்கொண்டு, தன் மகனுக்கு மட்டும் காதில் சொல்லிவிட்டுச் செத்துப் போகலாம். அப்படிச் செத்துப்போன வித்தைகள் எத்தனையோ. சர்க்கார் அவனோடு ஒரு பேரம் பேசுகிறது. "நீ உன் வித்தையை, அந்தத் தொழில் தெரிந்த எவனும் படித்துச் செய்யும்படி, படம் போட்டு, ஒளிக்காமல் எழுதிக் கொடு. நாங்கள் அதை அச்சுப்போட்டு உலகத்துக்குக் காட்டிவிடுவோம். அதற்குப் பதிலாக இத்தனை வருஷத்துக்கு வேறு யாரும் உன் அனுமதியில்லாமல் அதைச் செய்யக்கூடாது என்று காவல் இருப்போம். தவணை தீர்ந்தால் அது எல்லோருக்கும் சொந்தம்" என்கிறது. இதுதான் பேரம். இதில் மோசம் நடக்க இரண்டு வழி இருக்கிறது. ஏற்கெனவே எல்லோருக்கும் சொந்தமாயிருப்பதைத் தன்னுடையது என்று ஒருவன் எழுதிக்கொள்ளலாம். அல்லது ஒன்றையும் விளங்கச் சொல்லாமல், காவலை மட்டும் வாங்கிக்கொண்டு போகலாம். இந்த இரண்டு மோசத்துக்கும் குறுக்கே நிற்கிறவன்தான் பரிசோதகன்.

பரிசோதகன் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜேம்ஸ் வாட் கதையே போதும். நீராவி யந்திரத்தில், ஆவியை உருளையிலேயே குளிரவைக்காமல் ஒரு குழாய் வழியாய்த் தனிப் பாத்திரத்துக்குக் கொண்டுபோய்க் குளிரவைப்பது என்ற யோசனைக்கு அவர் 1769-ல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். யோசனை மகத்தானது, கரிச்செலவை வெகுவாய்க் குறைத்தது. அதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர் கொடுத்த காகிதத்தில் ஒரு படம்கூடக் கிடையாது. தத்துவங்களைச் சில வரிகளில் எழுதிக் கொடுத்தார்; முத்திரை விழுந்துவிட்டது. அக்காலத்தில் கேட்பதற்கு ஆள் இல்லை. 1775-ல் பார்லிமெண்டு அந்த உரிமையை 1800 வரை நீட்டியும் கொடுத்தது. பிறகு மற்றவர்கள் அதே வழியில் யந்திரம் செய்ய வந்தபோது, "இந்தக் காகிதத்தைப் படித்து எவனாவது யந்திரம் செய்யமுடியுமா? முடியாதென்றால் இது செல்லுமா?" என்ற கேள்வி கோர்ட்டுக்குப் போயிற்று. 1795-ல் நான்கு நீதிபதிகள் உட்கார்ந்து, இரண்டு பேர் செல்லும் என்றும் இரண்டு பேர் செல்லாது என்றும் பிரிந்து நின்றார்கள். 1799-ல்தான் செல்லும் என்று முடிவாயிற்று. தவணை தீர இன்னும் ஒரு வருஷம் பாக்கி! முதல் நாளே ஒரு குமாஸ்தா "ஐயா, படம் எங்கே?" என்று கேட்டிருந்தால் இத்தனை வக்கீல் பீசு மிச்சம்.

அமெரிக்கா 1836-லும் ஜெர்மனி 1877-லும் பரிசோதகர்களை உட்காரவைத்துக் கேட்க ஆரம்பித்தன. இங்கிலாந்தில் ஒரு கண்டுபிடிப்பு புதிதுதானா என்று பழைய காகிதங்களைத் தேடிப்பார்க்கும் வழக்கம் 1905-ல்தான் வந்தது. வாட் செத்து எண்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது.

நிற்க. 1902-ம் வருஷம் ஜூன் மாதம் ஸ்விட்ஜர்லாந்து தேசத்து பெர்ன் நகரத்துக் காப்புரிமை ஆபீசில் மூன்றாந்தர நிபுணர் என்ற வேலைக்கு ஒரு வாலிபர் வந்து சேர்ந்தார். வயது 23. அதுவும் தற்காலிக நியமனம். அவர்தான் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன். 1904-ல் வேலை நிரந்தரமாயிற்று. ஆனால் இரண்டாந்தரத்துக்கு உயர்த்தவில்லை. இவர் பௌதிகம் படித்தவர், யந்திரத் தொழில் இன்னும் நன்றாய்ப் பிடிபடட்டும் என்று மேலதிகாரி ஹாலர் நிறுத்திவைத்தார். 1905-ல் உலகத்தின் அறிவையே புரட்டிப்போட்ட கட்டுரைகளை இவர் எழுதி வெளியிட்டபோதும், ஆபீசில் மூன்றாந்தரந்தான். 1906-ல்தான் உயர்வு கிடைத்தது. 1909 வரையில் அங்கே இருந்தார்.

இதைக் கேட்டுச் சிலர் "அடடா, மேதையைக் குமாஸ்தா வேலையில் வைத்தார்களே" என்று அனுதாபப்படுவார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. ஏழு வருஷம் பிறர் எழுதிய காகிதத்தில் உள்ள மழுப்பலைக் கண்டுபிடித்து, "நீ சொல்வது என்ன? தெளிவாய்ச் சொல்" என்று கேட்டுப் பழகுவது எந்தக் கலாசாலைப் படிப்புக்கும் குறைந்ததல்ல. ஐன்ஸ்டீனும் அந்த வேலையைப் பின்னாளில் குறைத்துப் பேசினவரல்ல.

இனிக் குளிர்ப்பெட்டிக்கு வருவோம். இருபதுகளில் ஐரோப்பிய நகரங்களில் யந்திரக் குளிர்ப்பெட்டிகள் வீட்டுக்குள் வர ஆரம்பித்தன. அவைகளுக்குள் ஓடிய வாயுக்கள் அம்மோனியா, கந்தக டையாக்சைடு, மெதில் குளோரைடு ஆகியவை. மூன்றும் விஷம். பெட்டியில் வாயுவை அழுத்தி ஓட்ட ஒரு பம்பு உண்டு. பம்பு சுழல ஒரு தண்டு உண்டு. தண்டு வெளியே வரும் இடத்தில் அடைப்பு உண்டு. அடைப்புத் தேய்ந்தால் கசிவு. பெர்லின் நகரத்தில் ஒரு குடும்பம் இப்படிக் கசிந்த வாயுவால் இரவில் தூக்கத்திலேயே மாண்டுபோனதைப் பத்திரிகையில் படித்து ஐன்ஸ்டீன் மனம் வருந்தினார் என்றும், இதைவிட நல்ல வழி ஒன்று இருந்தே தீரவேண்டும் என்று தம் இளைய நண்பர் லியோ சிலார்டிடம் சொன்னார் என்றும் வரலாறு. சிலார்டு ஹங்கேரி தேசத்தவர். பெர்லினில் இருந்த பௌதிக நிபுணர். இருவரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். தோஷம் எங்கே இருக்கிறது? அசையும் உறுப்பில் இருக்கிறது. அசையும் உறுப்பே இல்லாவிட்டால் அடைப்பே வேண்டாம். பெட்டியின் குழாய் முழுவதையும் பற்றவைத்து ஒரேயடியாய் மூடிவிடலாம். அப்படியானால் உள்ளே இருக்கிற திரவத்தை ஓட்டுவது யார்?

இதற்கு அவர்கள் கண்ட வழியைக் கவனியுங்கள். மண்பானையில் தண்ணீர் ஏன் குளிருகிறது? பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய சூட்டை உள்ளே இருக்கும் நீரிலிருந்து எடுத்துக்கொள்ளுகிறது. குளிர்ப்பெட்டியின் இரகசியமும் இதற்குமேல் ஒன்றுமில்லை. முதல் பாத்திரத்தில் பூட்டேன் என்ற திரவம் இருக்கிறது. அதற்குள் ஒரு குழாய் வழியாய் அம்மோனியா வாயு குமிழியிட்டு வருகிறது. வாயு வந்து இடம் பிடித்துக்கொள்ளவே, பூட்டேன் மேலிருக்கும் பூட்டேன் ஆவியின் பங்கு அழுத்தம் குறைகிறது, ஆகவே பூட்டேன் ஆவியாகிறது, சுற்றிலும் குளிருகிறது. ஆவியும் அம்மோனியாவும் கலந்து மற்றொரு குழாயால் இரண்டாவது பாத்திரத்துக்குப் போகின்றன. அங்கே தண்ணீர் தெளிக்கப்படுகிறது. அம்மோனியாவுக்குத் தண்ணீர் என்றால் பிரியம், போய்க் கரைந்துவிடுகிறது. பூட்டேன் கரையாது. தனியே நின்ற பூட்டேன் மறுபடி திரவமாகி, எண்ணெய் தண்ணீர்மேல் மிதப்பதுபோல மேலே மிதக்கிறது. மிதந்தது வழிந்து முதல் பாத்திரத்துக்கே திரும்புகிறது. கீழே தங்கிய அம்மோனியா நீர் மூன்றாவது பாத்திரத்துக்கு இறங்குகிறது. அங்கே மட்டும் ஒரு சிறு தீ. சூட்டில் அம்மோனியா பிரிந்து முதல் பாத்திரத்துக்கு ஓடுகிறது. மிஞ்சிய தண்ணீரைக் கொதிக்கும் குமிழிகளே ஒரு ஒடுங்கிய குழாயில் மேலே தூக்கிக்கொண்டுபோய், மறுபடி தெளிக்கும் இடத்தில் சேர்க்கின்றன. பம்பு இல்லை. சக்கரம் இல்லை. அம்மோனியாவும் விஷந்தானே, பூட்டேன் தீப்பிடிக்குமே என்று நீங்கள் கேட்கலாம். வாஸ்தவந்தான். ஆனால் தேய்கிற அடைப்பு இல்லாததால் வெளியே வர வாசல் இல்லை என்பதே அவர்கள் பதில்.

இதை 1926 டிசம்பர் 16-ல் ஜெர்மனியிலும், சரியாய் ஒரு வருஷம் கழித்து 1927 டிசம்பர் 16-ல் அமெரிக்காவிலும் விண்ணப்பம் செய்தார்கள். இங்கேதான் வேடிக்கை. விண்ணப்பம் போட்டவர் யார்? நோபல் பரிசு பெற்றவர். உலகத்தில் அவர் பெயர் தெரியாதவன் கிடையாது. பழைய பரிசோதகர் வேறு. ஆனால் காப்புரிமைச் சட்டத்தில் பெயருக்கு மார்க்கு கிடையாது. இதற்கு முன் யார் என்ன செய்தார்கள் என்ற கேள்விதான் முதலில் நிற்கிறது. முன்னால் செய்தவர்கள் இருந்தார்கள்! ஸ்வீடன் தேசத்தில் வான் பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் 1922-லேயே அசையும் உறுப்பில்லாத பெட்டி ஒன்று செய்துவிட்டார்கள். ஆகவே ஐன்ஸ்டீனும் சிலார்டும் தங்கள் விவரக் காகிதத்தின் ஆரம்பத்திலேயே அந்த மாணவர்களின் காப்புரிமை எண்ணைக் குறித்து, இது அந்த இனத்தைச் சேர்ந்தது என்று எழுதவேண்டியதாயிற்று. அப்படியானால் புதிது எது? ஸ்வீடன் பெட்டியில் குளிரைத் தரும் அம்மோனியாவே தண்ணீரில் கரைகிறது. துணையாய் வந்த ஹைட்ரஜன் வாயு கரையாமல் நிற்கிறது. இவர்கள் பெட்டியில் துணையாய் வந்த வாயு கரைகிறது. குளிரைத் தரும் பூட்டேன் கரையாமல் நிற்கிறது. இவ்வளவுதான் வித்தியாசம். இந்த ஒரு வித்தியாசத்தின்மேல்தான் உரிமை நிற்கிறது. மற்றக் குழாயெல்லாம் ஊரார் சொத்து. படத்தில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒவ்வொரு குழாய்க்கும் எண் போட்டு, எது எங்கிருந்து புறப்பட்டு எங்கே முடிகிறது என்று வரிவரியாய் எழுதியிருக்கிறார்கள். மூன்று வருஷத்துக்குச் சற்றுக் குறைய ஆகி, 1930 நவம்பர் 11-ல் 1,781,541 என்ற எண்ணோடு காப்புரிமை கிடைத்தது.

இந்த இடத்தில் "இதெல்லாம் எங்கள் பழைய ஏட்டிலேயே இருக்கிறது" என்று சொல்லும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய ஏடு என்பதற்காகப் பரிசோதகர் தள்ளிவிடுவதில்லை. எந்தத் தேசத்தில், எந்தக் காலத்தில் வெளிவந்த எழுத்தானாலும், அதில் விஷயம் விளங்க எழுதியிருந்தால், புதிதாய்க் கேட்கிறவனுக்கு உரிமை இல்லை என்று சொல்ல அதுவே போதும். எத்தனை மரியாதை பாருங்கள்! ஆனால் ஏடு எது, பக்கம் எது, எந்தக் குழாய் எந்தப் பாத்திரத்தில் சேருகிறது என்று காட்டவேண்டும். "குளிர்ந்தது" என்று ஒரு வார்த்தை இருந்தால் போதாது. அதேபோல், தீனி இல்லாமல் என்றைக்கும் ஓடும் யந்திரம் செய்துவிட்டேன் என்று இன்றைக்கும் விண்ணப்பம் போடுகிறவர்கள் உண்டு. அவர்களோடு அமெரிக்க ஆபீசு தர்க்கம் பண்ணுவதில்லை. "ஓடுகிற மாதிரியைக் கொண்டுவந்து மேஜைமேல் வை" என்று கேட்கும்.

சரி, காப்புரிமை கிடைத்தது. பெட்டி வீட்டுக்கு வந்ததா? வரவில்லை. உரிமையை எலெக்ட்ரோலக்ஸ் கம்பெனி வாங்கிக்கொண்டது. அவர்கள் கையில் ஸ்வீடன் மாணவர்களின் பெட்டி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. ஐன்ஸ்டீன் பெட்டியைச் செய்து விற்கவில்லை. நாம் இதைக் குறையாகவே சொல்லுகிறோம். பரிசோதகர் கேள்வி கேட்டு உரிமை கொடுக்கலாம். உரிமையை வாங்கினவன் அதை அலமாரியில் வைத்துப் பூட்டினால் ஏன் என்று கேட்க அவருக்கு அதிகாரமில்லை. பேரத்தில் பொதுஜனங்களுக்கு எழுத்து கிடைத்தது; பெட்டி கிடைக்கவில்லை.

இருவரும் சும்மா இருக்கவில்லை. பல தேசங்களில் 45-க்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் போட்டார்கள். அவற்றில் முக்கியமானது, உருகிய உலோகத்தைக் குழாயில் காந்தசக்தியால் தள்ளும் பம்பு. அதிலும் தேயும் உறுப்பு கிடையாது. பெர்லினில் ஏ.இ.ஜி. கம்பெனி மாதிரி செய்து 1931-ல் ஓட்டிப்பார்த்தது. ஓடிற்று; ஆனால் சத்தம் பொறுக்கமுடியவில்லை. அதற்குள் உலகத்தில் வியாபாரம் படுத்துவிட்டது. அமெரிக்காவில் 1930-ல் பிரியான் என்ற விஷமில்லாத, தீப்பிடிக்காத வாயு வந்துவிட்டது. பழைய பம்புப் பெட்டியே போதும் என்றாகிவிட்டது. 1933-ல் ஹிட்லர் பதவிக்கு வரவே, யூதர்களான இருவரும் ஜெர்மனியை விட்டே போகவேண்டியதாயிற்று. அவர்கள் பம்பின் தத்துவம் மட்டும் வீண்போகவில்லை. பிற்காலத்தில் அணு உலைகளில் உருகிய உலோகத்தை ஓட்ட அது உதவியது.

பிரியான் கதையையும் சொல்லிவிடவேண்டும். அதைப் பரிசோதித்தவர்கள் விஷமா, தீப்பிடிக்குமா என்று கேட்டார்கள்; இல்லை என்று பதில் வந்தது. பதில் உண்மையே. ஆகாயத்தில் மேலே போனால் என்ன செய்யும் என்று அன்று யாரும் கேட்கவில்லை. 1974-ல்தான் இரண்டு இரசாயன நிபுணர்கள், அது சூரியனின் கடுங்கதிரைத் தடுக்கும் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று எழுதினார்கள். 1987-ல் மான்ட்ரியல் நகரத்தில் தேசங்கள் கூடி அத்தகைய வாயுக்களைக் குறைக்க ஒப்பந்தம் செய்தன. அதன் பிறகு சிலர் பழைய காகிதங்களைப் புரட்டினார்கள். 2008-ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில், மின்சாரமில்லாத இடங்களில் உபயோகப்படுத்தலாம் என்று ஐன்ஸ்டீன் பெட்டியை மறுபடி செய்துபார்க்கும் வேலை நடந்தது. யாரிடமும் அனுமதி கேட்கவேண்டியிருக்கவில்லை. அமெரிக்கச் சட்டப்படி அன்றைய தவணை 17 வருஷம். அது 1947 நவம்பரோடு தீர்ந்துவிட்டது. படமும் எழுத்தும் இன்றைக்கும் அப்படியே இருக்கின்றன. குழாய் வளைக்கத் தெரிந்தவர்கள் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். பற்றவைக்கிற இடத்தில் மட்டும் ஜாக்கிரதை. உள்ளே இருப்பது அம்மோனியா.