ஒன்பது ஆட்டம், ஏழு தோல்வி
(தோட்ட இளைஞர் பந்தாட்டப் பரிசளிப்பில் ஆற்றிய உரை)



கோப்பை வழங்கும் மேடையில் தோற்றவர்களைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றால் சிலர் முகம் சுளிக்கக்கூடும். வென்ற குழுவுக்கு நமது பாராட்டு. அவர்களைப் புகழ இங்கே பலர் காத்திருக்கிறார்கள். நாம் எடுத்துக்கொண்டது, 1951-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு கல்லூரிக் குழு பட்ட பாட்டை.

அவர்கள் ஆடுவது நம் திடலில் உதைக்கும் பந்தாட்டமல்ல. முட்டை வடிவப் பந்து. அதைக் கையில் ஏந்தி ஓடலாம், எறியலாம். எதிரி மோதிக் கீழே தள்ளலாம். பக்கத்துக்குப் பதினொரு பேர் என்பது மட்டும் நம்முடையதைப் போல.

ஹட்சன் ஆற்றங்கரையில் உள்ள வெஸ்ட் பாயிண்ட், இராணுவ அதிகாரிகளைப் பயிற்றும் கல்லூரி. 1944, 1945 ஆண்டுகளில் அதன் குழுவே நாட்டில் முதலிடம் பெற்றது. 1950-இல் ஒன்பது ஆட்டங்களில் எட்டு வெற்றி. பயிற்சியாளர் எர்ல் பிளேக், கண்டிப்புக்குப் பெயர் போனவர்.

அக்கல்லூரியில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பொய் கூடாது, ஏமாற்று கூடாது, திருட்டுக் கூடாது. அவற்றைச் செய்தவனைக் கண்டும் வாய்மூடியிருந்தவனும் குற்றவாளியே. மாணவர்களோ இரு படைப்பிரிவுகளாக இருந்தனர். ஒரு பிரிவுக்கு இன்று வைத்த அதே தேர்வு மற்றப் பிரிவுக்கு மறுநாள் வைக்கப்படும். இன்று எழுதியவன் நாளை எழுதுகிறவனிடம் கேள்விகளைச் சொன்னான். பகலெல்லாம் படிப்பும் அணிவகுப்பும், மாலையில் பந்தாட்டப் பயிற்சியும் என்று களைத்தவர்களிடையே அது வழக்கமாகிவிட்டது. 1951 ஆகஸ்டு 3-ஆம் நாள், ஏறத்தாழ 90 மாணவர்கள் நீக்கப்படுவர் என்று அறிவிப்பு வந்தது. அவர்களில் முப்பதுக்கும் மேற்பட்டோர் பந்தாட்டக்காரர்கள். பிளேக்கின் சொந்த மகனும் அவர்களில் ஒருவர்.

தோழர்களே, இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். செய்தது தவறு; அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் ஒரே கேள்வித்தாளை இரண்டு நாள் கொடுத்து, இரண்டு பிரிவும் பேசிக்கொள்ளாது என்று நம்பியிருந்த மேலிடத்தை என்ன சொல்வது? கதவைத் திறந்து வைத்தவனையும் அல்லவா கேட்க வேண்டும்! இன்னொன்று: கேள்வியைக் கேட்காமல், கேட்ட நண்பனைக் காட்டிக்கொடுக்கவும் மனம் வராமல் இருந்தவன் கதி என்ன? உடன் உழைப்பவனைக் காட்டிக்கொடுப்பதைவிட இழிவில்லை என்று வளர்ந்தவர்கள் நாம். ஆயினும் பொய்க்குத் துணை நிற்பது தோழமை ஆகுமா? நமக்குள்ளேயே இதில் இரு கருத்து உண்டு. மறைக்க வேண்டியதில்லை.

பிளேக் பதவியை விட்டு விலக எண்ணினார். அவர் தேடிச் சென்றது ஜெனரல் மக்ஆர்தரை. அதே ஆண்டு ஏப்ரலில் அதிபர் டுரூமனால் பதவி நீக்கப்பட்டவர் அவர்! அடி விழும் நேரத்தில் ஓடாதே, இருந்து ஆடு என்பதே அவர் சொன்ன யோசனையின் சாரம். பிளேக் தங்கினார்.

கையில் மிஞ்சியவர்கள் பெரும்பாலும் அனுபவமற்ற இளையவர்கள். முதல் நான்கு ஆட்டமும் தோல்வி. விலனோவா 21-7, நார்த்வெஸ்டர்ன் 20-14, டார்ட்மத் 28-14. ஹார்வர்டிடம் 22-21, ஒரே ஒரு புள்ளி! ஒரு புள்ளியில் தோற்றவன் அன்றிரவு தூங்கமாட்டான். ஆடியவர்களுக்கு அது தெரியும். ஐந்தாவதாகக் கொலம்பியாவை 14-9 என்று வென்றார்கள். பிறகு தென் கலிபோர்னியா 28-6 என்று நசுக்கியது. சிட்டடலை 27-6 என்று வென்றார்கள். பென்சில்வேனியாவிடம் மறுபடியும் ஒரு புள்ளித் தோல்வி, 7-6.

கடைசி ஆட்டம் கடற்படைக் கல்லூரியுடன். அமெரிக்காவில் அந்த ஆட்டத்துக்குத் தனி மதிப்பு. கடற்படையும் அந்த ஆண்டு தேறாத குழுதான். அதுவரை ஒரே ஓர் ஆட்டத்தில்தான் வென்றிருந்தது. அவர்களிடம் 42-7. குற்றம் செய்தவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். குற்றம் செய்யாதவர்கள் திடலில் நின்று இந்த அடியை வாங்கினார்கள்.

1952-இல் நான்கு வெற்றி, நான்கு தோல்வி, ஒன்று சமன். 1953-இல் டியூக் குழுவுடன் ஆடியபோது 14-13 என்று ஒரு புள்ளி முன்னணி. கடைசி நேரத்தில் டியூக் ஆட்டக்காரர் ஒருவர் பந்தோடு எழுபது கஜத்துக்கு மேல் ஓடினார். பாப் மிஷாக் பின்னாலிருந்து துரத்திச் சென்று ஏழாவது கஜக் கோட்டருகே வீழ்த்தினார். அதன்பின் டியூக் எல்லைக்கோட்டைத் தாண்டவே இல்லை. இம்முறை அந்த ஒரு புள்ளி இவர்கள் பக்கம். அவ்வாண்டு கடற்படையையும் 20-7 என்று வென்றார்கள்.

நேரமாகிவிட்டது, தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். கோப்பை கொடுக்குமுன், இன்று ஐந்து கோல் வாங்கிய குழுவினர் முதலில் மேடைக்கு வரட்டும். பின்வரிசையில் ஒளிந்திருக்கும் கோல் காப்பாளர் தம்பியும்தான்!